ஐந்து காட்சியகமும் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கும்

இனிமேல் செவ்வாய்க்கிழமைகளில் நான் யாருக்கும் புருஷன் இல்லை என்று ஒரு தீர்மானம் போட்டேன். மனசுக்குள்தான். என் மனைவி கினுயோ ஒப்புக்கொள்ளாமல் எங்கள் வீட்டில் எந்தத் தீர்மானமும் செல்லாது.

நாற்பத்திரண்டு வருஷம் கோபே துறைமுகத்துக்குப் பின்தெருவில் முத்திரை செதுக்கினவன் நான். எங்கள் நாட்டில் கையெழுத்துக்குப் பதில் ஆளுக்கொரு முத்திரைதான். ஊரில் பாதிப் பேர் என் முத்திரையைக் குத்தித்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். மீதிப் பேர் அதையே குத்தி விவாகரத்து வாங்கினார்கள். கடையை மூடிய பிறகு எனக்கு ஒரே ஆசை. வாரத்தில் ஒரு நாள், தன்னந்தனியாக, அலைதடுப்புச் சுவரில் தூண்டில் போட்டு உட்கார வேண்டும். சத்தமே கூடாது. மீன்கூட இரண்டாம் பட்சம்.

“தாராளமா போங்க,” என்றாள் கினுயோ. எனக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டாவது கிண்ணம் சாதத்தைக்கூட அவள் அவ்வளவு சுலபமாகப் போட்டதில்லை.

“ஆனா முதல்ல இதை முடிங்க.” ஒரு அட்டையை நீட்டினாள். ஊரில் உள்ள காட்சியகம், ஓவியக் கூடம் என்று ஐந்து இடம். ஒவ்வொரு இடத்திலும் வாசலில் ஒரு ஸ்டாம்ப் இருக்கும். ஐந்தையும் குத்திக்கொண்டு வர வேண்டும்.

“பக்கத்து வீட்டு ககாவா முடிச்சிட்டாரு. உங்க வயசுதான். மீனோட வாயைத் தவிர நீங்க என்னத்தைப் பார்த்திருக்கீங்க?”

“அதுவும் ஒரு கலைதான்.”

“அஞ்சு ஸ்டாம்ப். அப்புறம் எல்லாச் செவ்வாயும் உங்களுது. சத்தியம்.”

ஸ்டாம்ப்! யாரிடம் கேட்கிறாள்? ககாவாவின் அட்டையை ‘சும்மா பார்த்துட்டுத் தரேன்’ என்று வாங்கினேன். ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஐந்து துண்டாக்கினேன். புத்தாண்டு அட்டைக்குப் பிள்ளைகள் கிழங்கில் அச்சு செதுக்குவார்களே, அதே வேலை. கப்பல் காட்சியகத்து ஸ்டாம்பில் மாலுமிக்கு மூக்கு இல்லை. போகட்டும் என்று நான் ஒன்று வைத்துக் கொடுத்தேன். தேதியும் செதுக்கி, ஐந்தையும் என் அட்டையில் குத்தினேன். திங்கட்கிழமை எல்லாக் காட்சியகமும் மூடியிருக்கும் என்பது இந்த ஊர்ப் பூனைக்கும் தெரியும். அதனால் கவனமாகச் செவ்வாயைப் பொறுக்கினேன்.

செவ்வாய் காலை, காட்சியகம் போகிறேன் என்று கிளம்பி நேராக அலைதடுப்புச் சுவருக்குப் போனேன். சொர்க்கம். தூரத்தில் கலங்கரை விளக்குப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் விடாமல் ஊதியது. அது ஒன்றுதான் தொந்தரவு.

சாயங்காலம் அட்டையை எடுத்து வைத்தேன். கினுயோ கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“அழகா விழுந்திருக்கே! நவீன ஓவியக் கூடம் எப்படி இருந்துச்சு?”

“ஒண்ணும் புரியலை,” என்றேன். நவீன ஓவியத்தைப் பற்றி இப்படிச் சொன்னவனை யாரும் மடக்க முடியாது.

“எந்தப் படம் புரியலை?”

“நீலமா ஒரு வட்டம். நடுவுல கண்ணு மாதிரி ஒரு புள்ளி.”

“அதுவா! அது எனக்கும் புரியலை.”

தூக்கிவாரிப் போட்டது. இல்லாத படத்தை இவள் எப்போது பார்த்தாள்?

“பக்கத்துல சிவப்பா ஒண்ணு இருக்குமே. குதிரையா, கெட்டிலா அது?”

“குதிரை மாதிரி ஒரு கெட்டில்.”

“அதேதாங்க!”

எனக்கு வேர்த்துவிட்டது. அவள் பொய் சொல்கிறாளா, நான்தான் உண்மை சொல்லித் தொலைக்கிறேனா? ஒருவேளை நிஜமாகவே போயிருப்பேனோ? நடந்து நடந்து கால் வலிப்பது போலவும் இருந்தது.

கினுயோ டீ ஊற்றினாள். “இன்னிக்கு எங்க பாட்டுக் குழு பதினொரு பேரும் அலைதடுப்புச் சுவருக்குப் போனோம். கலங்கரை விளக்குக்கிட்ட நின்னு ரெண்டு மணி நேரம் பாடினோம்.”

“அட, அது நீங்கதானா? நான் கப்பல்னு...”

வாயை மூடினேன். ஐந்து வார்த்தை தாமதம்.

கினுயோ கோபப்படவில்லை. அதுதான் பயங்கரம். “முதல்ல அந்த ஓவியக் கூடத்துக்குத்தான் போனோம். பூட்டியிருந்துச்சு. நேத்து திங்கள் தேசிய விடுமுறை. அன்னிக்குத் திறந்துட்டா மறுநாள் செவ்வாய் மூடிடுவாங்க. அஞ்சு இடமும் அப்படித்தான்.”

ஓய்வு பெற்றவனுக்கு எல்லா நாளும் விடுமுறை. அதில் தேசிய விடுமுறை எது என்று நான் எங்கே கண்டேன்?

“அப்போ என் செவ்வாய் போச்சா?”

“யார் சொன்னா? அஞ்சு ஸ்டாம்ப் கேட்டேன், அஞ்சு இருக்கு. சத்தியம் சத்தியம்தான். போய் நிம்மதியா தூண்டில் போடுங்க.”

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இருந்தாலும் நெற்றி பாயில் படும்படி குனிந்து வணங்கினேன். நிமிர்வதற்குள் அவள் தொடர்ந்தாள்.

“அந்த இடம் எங்க குழுவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சுங்க. கடல்காத்து தொண்டைக்கு நல்லதாம். இனிமே ஒவ்வொரு செவ்வாயும் பயிற்சி அங்கதான்.”

“கலங்கரை விளக்குக்கிட்டதானே?”

“அங்க ஒரே வெயில். நீங்க உட்கார்ந்திருந்த இடத்துலதான் நிழல்.”

இப்போது செவ்வாய்தோறும் என் முதுகுக்குப் பின்னால் பதினொரு பெண்கள் பாடுகிறார்கள். அடிக்குரலில் பாட மட்டும் அவர்களுக்கு ஆள் இல்லாமல் இருந்ததாம், அந்த ஆள் நான்தான்.