மன்னிக்க வந்த மச்சான்

சண்டை போடுகிறவனைச் சமாளித்துவிடலாம். அவன் நாலு வார்த்தை சொன்னால் நாம் எட்டு சொல்லலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவனையும் சமாளிக்கலாம்; நாமும் திருப்பிக்கொண்டால் முடிந்தது வேலை. ஆனால் மன்னிக்கிறவன் என்று ஒருவன் இருக்கிறான் பாருங்கள், அவனிடம் மாட்டினால் மீளவே முடியாது. நீங்கள் கேட்காமலே மன்னிப்பான். நீங்கள் செய்யாததற்கும் மன்னிப்பான். கொஞ்சம் அசந்தீர்களானால் அவன் செய்ததற்கே உங்களை மன்னித்துவிட்டுப் போவான். இந்த இனத்துக்கு மன்னிப்பு வள்ளல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பிளம்பருக்கு வாய்த்த வள்ளல் அவருடைய மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மச்சான் என்பதால் மாற்றிக்கொள்ளவும் முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது.

பதினாறு வருடத்துக்கு முந்தைய சங்கதி இது. மாமனார் வீட்டில் அன்று காலையிலிருந்து தண்ணீர் வரவில்லை. அதுதான் நல்ல நேரம் என்று பிளம்பர் கீழே சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார். பிறகு எல்லோரும் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். திரும்பி வந்தால், மாடியில் கை கழுவும் தொட்டியின் குழாய் திறந்து கிடக்கிறது. மத்தியானம் தண்ணீர் வந்து, தொட்டி நிரம்பி, அறை நிரம்பி, தளத்து விரிசல் வழியாக இறங்கி, வேறு இடமே கிடைக்காததுபோல நேராகக் கீழறை அலமாரிக்குள் போயிருக்கிறது. அலமாரியில் ஒரு ஆல்பம். பிளம்பரின் மனைவிக்கு ஒன்பது வயதிருக்கும்போதே அவளுடைய அம்மா போய்விட்டார். அந்த அம்மாவின் முகம் இருந்தது உலகத்திலேயே ஆறு படத்தில்தான். ஆறும் அந்த ஆல்பத்தில். பிரித்துப் பார்த்தபோது ஆறிலும் நீலமாக ஒரு திட்டு மட்டும் இருந்தது.

யார் மாடிக்குப் போனது, யார் குழாயைத் தொட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். பிளம்பரின் தோளில் கையைப் போட்டார். "விடுங்க, யாரும் மாப்ளைய ஒண்ணும் கேக்காதீங்க. கை தவறுறது சகஜம். நான் மன்னிச்சுட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது, தீர்ப்பும் வந்தது. குற்றம் சாட்டியிருந்தால் இல்லை என்று மறுத்திருக்கலாம். மன்னித்துவிட்டவனிடம் என்னத்தை மறுப்பது? மன்னிப்புக்கு அப்பீல் உண்டா? "நான் மாடிக்கே போகல" என்று பிளம்பர் அன்றைக்கு ஏழு தடவை சொன்னார். "பாவம், மனசு கேக்கல, அதான் பேசுறார்" என்று அதற்கும் சேர்த்து மன்னித்தார் மச்சான்.

அதற்குப் பிறகு உறவில் பிளம்பருக்குத் 'திறந்த குழாய்' என்று பட்டப்பெயர் விழுந்தது. மாமனார் வீட்டில் ஒரு பைப் கசிந்தால் மூன்று தெரு தள்ளி இன்னொரு பிளம்பரைக் கூப்பிட்டார்கள். அதையெல்லாம் அவர் துடைத்துப் போட்டுவிட்டார். துடைக்க முடியாதது ஒன்று இருந்தது. அவர் மனைவி அந்த ஆல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இன்றுவரை கேட்டதில்லை. ஆனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம், "ஒரு நிமிஷம்" என்று உள்ளே திரும்பிப் போவாள். அவர் மூடிய குழாய்களை ஒவ்வொன்றாக இன்னொரு தடவை திருகிப் பார்த்துவிட்டு வருவாள். ஊரில் பாதிப் பேருடைய குழாயை மூடிக் கொடுத்த மனிதர் வாசலில் சாவியோடு நிற்பார். அவள் ஒரு நாளாவது அப்படித் திரும்பிப் போகாமல் வரவேண்டும். அந்த மனிதருக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

வள்ளல்களை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பீர்கள். பேச்சை வைத்துத்தான். "நான் எதையும் மனசுல வச்சுக்க மாட்டேன்" என்று ஆரம்பிப்பார்கள். "அப்பவே மறந்துட்டேன்" என்பார்கள். மறந்ததைத் தேதி, கிழமை, நீங்கள் போட்டிருந்த சட்டையின் நிறம் உட்பட ஒப்பிப்பார்கள். உங்கள் குடையை இரவல் வாங்கித் தொலைத்துவிட்டு, "நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டீங்க, நான் பெருசா எடுத்துக்கல" என்பார்கள். குடை போன துக்கத்தோடு, மன்னிக்கப்பட்ட துக்கமும் உங்களுக்குச் சேரும்.

பிறவி வள்ளலே இந்தப் பாடு படுத்துவார் என்றால், அவருக்கு ஒரு சினிமாப் படம் வேறு துணைக்கு வந்தால் என்ன ஆகும்? வந்தது. பன்னிரண்டு பேர் கதை. ஒருவரை ஒருவர் தெரியாத பன்னிரண்டு பேர் தனித்தனியாகத் தப்புச் செய்கிறார்கள், தனித்தனியாக ஜன்னலோரம் நின்று மழையைப் பார்க்கிறார்கள், பாதிப் படத்துக்குமேல் அவன் இவளுடைய தம்பி, இவள் அவருடைய பழைய சிநேகிதி என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்கிறது, கடைசியில் பன்னிரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடி ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு மன்னிக்கிறார்கள். அந்த வராந்தாவில் ஒரு நர்ஸ்கூட யாரையும் அதட்டவில்லை. பிளம்பருக்கு அங்கேயே படத்தின்மேல் நம்பிக்கை போய்விட்டது.

மச்சான் நாலு தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு உறவுக்காரரைக் கூட்டிப் போனார். அவரவருக்கான காட்சி வரும்போது முழங்கையால் இடித்தார். பிளம்பருக்கு இடி விழுந்தது, சிக்னலைப் பார்க்காமல் வண்டி ஓட்டிய டிரைவர் குலுங்கிக் குலுங்கி அழும் இடத்தில்.

"பாத்தீங்களா மாப்ள? ஒத்துக்கிட்டான். எவ்வளவு லேசாயிட்டான் பாருங்க."

"யாரு?"

"அந்த டிரைவர்தான். வேற யாரு?"

வீட்டுக்குப் போய் மச்சான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்தப் பன்னிரண்டு பேரையும் வட்டம் போட்டு, கோடு இழுத்து, யாருக்கு யார் என்ன என்று விளங்கிக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த தாளைக் கிழித்துக் குடும்பத்தையும் வரைந்தார். நடுவில் பெரிய வட்டம், அது அவர். சுற்றிலும் தம்பி, பெரியப்பா மகன், பழைய மேனேஜர், பக்கத்து வீட்டுக்காரர், பிளம்பர். நடு வட்டத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு அம்பு. எல்லா அம்பும் வெளியேதான் பாய்ந்தன. உள்ளே வருகிற அம்பு ஒன்றுகூட இல்லை. தாளில் இடம் இல்லாமல் போயிருக்கும்.

பிறகு ஒரு மாதம் வீடு வீடாகப் போனார். கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, மன்னித்துவிட்டு வந்தார். பெரியப்பா மகனுக்கு எதற்காக மன்னிக்கப்பட்டோம் என்பது கடைசிவரை புரியவில்லை. பழைய மேனேஜருக்கு மன்னித்தவர் யாரென்பதே புரியவில்லை. பிளம்பரின் மனைவி மட்டும் சொன்னாள்: "அண்ணன் மனசு ஆறட்டும், வாங்கிக்கோங்களேன். இன்னொரு தடவை வாங்கினா கையா சுடப்போவுது?"

"எனக்குச் சேரவேண்டியது அது இல்ல" என்றார் பிளம்பர். அவள் எழுந்து போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மச்சானுக்குக் குடலிறக்கம் வந்தது. அரைமணி நேரத்து ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். மச்சானுக்குக் காதில் விழுந்ததோ ஆஸ்பத்திரி என்கிற சொல் மட்டும். ஆஸ்பத்திரி என்றால் வராந்தா. வராந்தா என்றால் கடைசிக் காட்சி. எல்லோருக்கும் போன் போட்டு வரச் சொன்னார். கட்டிலைச் சுற்றிப் பதினோரு பேர் நின்றார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாமெல்லாம் ஒரே கயித்துல கோத்த..." என்று ஆரம்பிக்கும்போது நர்ஸ் உள்ளே வந்தார்.

"யாரு இத்தனை பேர்? ஒருத்தர் இருங்க, மத்தவங்க கீழ போங்க. சார், பல்செட் இருந்தா கழட்டிக் குடுங்க."

பல்செட் இருந்தது. பல்லைக் கழற்றி டப்பாவில் போட்ட பிறகு எந்த வள்ளலும் பாதி வள்ளல்தான். கூட்டம் கலைந்தது. தங்கை மருந்துச் சீட்டோடு கீழே போனாள். பிளம்பர் மட்டும் மிஞ்சினார்.

அப்புறம் நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னார். மச்சான் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். மயக்க மருந்தினால் எதிர்பாராமல் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால், என்று ஒரு வரி இருந்தது. அதையே திரும்பப் படித்தார். கையெழுத்து கோணிப் போயிற்று. நாலு தடவை பார்த்த படம் செய்யாததை அந்த ஒரு வரி செய்தது.

"மாப்ள." பல் இல்லாத வாய் குழறியது. "அந்தக் குழாய்."

"எந்தக் குழாய்?" என்றார் பிளம்பர். தெரியாமலா கேட்டார்? பதினாறு வருடம் காத்திருந்தவர், முழுசாக வாங்காமல் விடுவாரா?

"மாடிக் குழாய். தண்ணி வந்துடுச்சான்னு திறந்து பாத்தேன். வரல. கீழருந்து கூப்ட்டாங்க, அப்படியே இறங்கி வந்துட்டேன். அந்த ஆல்பத்தப் பாத்ததும் முந்திக்கிட்டு உங்க தோள்ல கையப் போட்டுட்டேன். எங்கம்மாவும்தான மாப்ள அது."

பிளம்பர் இந்த நேரத்துக்காக எத்தனையோ வசனம் தயார் செய்து வைத்திருந்தார். வந்தது வேறு. கை தானாக மேலே எழும்பியது, மச்சானின் தோளைத் தேடியது, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, 'பரவால்ல மச்சான், நான் மன்னிச்சுட்டேன்' என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. எத்தனை ருசி அதற்கு. ஒரே நொடியில் ஆள் ரெண்டடி உயர்ந்துவிட்டதுபோல. கையைப் பார்த்தார். பதினாறு வருடத்துக்கு முன் தன் தோளில் விழுந்த அதே கை. சட்டென்று பைக்குள் விட்டுக்கொண்டார்.

அந்த ருசி உங்களுக்கும் தெரியும். தெரியவே தெரியாது என்கிறீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டுக் காலண்டர் தாளைத் திருப்பிப் பாருங்கள். அல்லது உங்களால் மன்னிக்கப்பட்டவர் யாரையாவது தனியாகக் கூப்பிட்டு, அவர் என்னதான் செய்தார் என்று கேளுங்கள்.

தள்ளுவண்டி வந்தது. மச்சானை அதில் மாற்றிப் படுக்க வைத்தார்கள். மருந்துப் பையோடு மூச்சு வாங்க மேலே வந்த தங்கை, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னண்ணே, என்ன பேசிட்டிருந்தீங்க?"

மச்சான் அவளைப் பார்த்தார். பழைய சிரிப்பு, பல் இல்லாவிட்டாலும், வந்துவிட்டது. "ஒண்ணுமில்லம்மா. மாப்ள ரொம்ப உருகிட்டார். அப்பவே மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டிருந்தேன்."

வண்டி உருண்டது. ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் இருவரும் கூடவே நடந்தார்கள். கதவருகில் மச்சான் விரலை மடக்கிப் பிளம்பரை மட்டும் கூப்பிட்டார். பிளம்பர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"நான் நல்லபடியா வெளிய வந்துட்டா, என் தங்கச்சிகிட்ட அதச் சொல்லிடாதீங்க. வராமப் போயிட்டேன்னா சொல்லிக்கோங்க." வண்டி பாதி உள்ளே போய்விட்டது. மச்சான் தலையைத் தூக்கினார். "உடனே வேணாம் மாப்ள. ஒரு மாசம் கழிச்சுச் சொல்லுங்க."