மாமனாருக்கு நான் சொன்ன தூரம்

என் மாமனார் இராமகிருஷ்ணனை அந்தமானுக்கு வரவிடாமல் மெயின்லேண்டிலேயே நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தேன். நல்ல மனிதர்தான். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர, யாருக்கும் ஓய்வு கொடுத்ததில்லை. போன தடவை நாங்கள் அங்கே போயிருந்தபோது, விடியுமுன் என்னை எழுப்பி மொட்டைமாடியில் தோப்புக்கரணம் போட வைத்தார். டீயையும் நிறுத்தினார். போர்ட் பிளேயர் திரும்பிய பிறகும் நான் ஆபீஸ் படியைப் பக்கவாட்டில்தான் ஏறினேன்.

இப்போது அவரே புரோத்ராபூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கப்போவதாக போன் செய்தார். என் மனைவி மரகதம் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்தேன். அவர் விமானமே ஏறியதில்லை. சென்னையிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். நான் எட்டு மணி நேரம் என்றேன். கீழே பூராவும் கடல், காற்று அடித்தால் இறங்காமலே திரும்பிவிடும், காலை நீட்டக்கூட இடமிருக்காது என்றும் சேர்த்துக்கொண்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் தட்டில் இறால் வறுவல். மரகதம் காரணமில்லாமல் இறால் வாங்க மாட்டாள். அப்பா தன்னிடமும் பேசினார் என்றாள்.

"நீ என்ன சொன்னே?"

"அவர் சொன்னா சரியாத்தாம்பா இருக்கும்னு சொன்னேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் இன்னும் நாலு இறாலை வைத்துக்கொண்டே மீதியைச் சொன்னாள். அத்தனை தூரம் அலைந்து வந்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்பினால் வீண் என்று அப்பா நினைக்கிறாராம். மூன்று மாதம் இருக்கப்போகிறாராம்.

கையிலெடுத்த இறாலைத் தட்டிலேயே வைத்தேன். உண்மையில் அவ்வளவு நேரம் ஆகாது என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"அச்சா, அப்படியா? எனக்கென்ன தெரியும். நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்று போனை நீட்டினாள். அங்கே ஏற்கனவே மணி அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தவரிடம் உடம்பு சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு வைத்தேன்.

வந்த அன்று விமான நிலைய வாசலில் அவர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"எட்டு மணி நேரம்னீங்களே மாப்பிள்ளை?"

காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கும் மாமா என்றேன். நம்பினாரா தெரியாது. ஆனால் ஆட்டோவில் ஏறும்போது அவரே, இவ்வளவு பக்கம் என்றால் மூன்று மாதம் எதற்கு, ஒரு வாரம் போதும் என்றார். அவர் பெட்டி எனக்குப் பஞ்சு மூட்டையாகிவிட்டது.

"கூப்பிடு தூரத்துலதானே இருக்கீங்க. இனி மாசாமாசம் வந்துட்டுப் போறேன்" என்று முடித்தார்.

மரகதம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"டிக்கெட் பத்தி யோசிக்காதீங்கப்பா. எல்லாம் உங்க மாப்பிள்ளையே போட்டுடுவார்."