குளித்துவிட்டு வந்த நீர்வண்டி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள், நின்றுகொண்டு படிக்கிற சமாச்சாரம் இல்லை இது!

எங்கள் மகள், உங்கள் மருமகள், செய்த நீர்வண்டியைப் பார்க்க இன்று குடிநீர் வாரியப் பொறியாளர் வந்தார். ஓடினால் அவளுக்கு அங்கே வேலை. ஓடாவிட்டால் திங்கட்கிழமை முதல் உங்கள் கடையில் கணக்கு எழுத வர வேண்டும் என்று கெடு வைத்தது நீங்கள்தான். வண்டி ஒரு தண்ணீர் பாட்டில் அளவுதான் இருக்கும். மனிதன் நுழைய முடியாத குழாய்க்குள், கலங்கல் தண்ணீரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கேமரா அங்கே குருடு. அதனால் அதன் மூக்கில் ஒரு வில்லை வைத்திருக்கிறாள்; அது சத்தம் கொடுக்கும், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும், திரும்ப எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத் தூரத்தைக் கணித்து, இடிக்காமல் நின்றுவிடும். ரிட்டயர் ஆகும்வரை நான் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் பின்னால் நின்று தட்டுவாரே, அந்த வேலை. நீங்கள் பொம்மை என்றீர்களே, அந்தப் பொம்மைதான்!

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் வண்டியை இறக்கினாள், அது முன்னே நகரவே இல்லை, எதிரே வெறும் தண்ணீர்தான், ஆனால் மடிக்கணினித் திரையில் 'முன்னால் சுவர்' 'முன்னால் சுவர்' என்றே வருகிறது, வண்டி பயந்து பின்வாங்குகிறது, பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், உங்கள் தங்கை என்னைப் பார்க்கிறாள். மகள் உடுத்திய துணியோடு குளத்தில் குதித்து வண்டியின் மூக்கை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, இதை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. கிளம்புறதுக்கு முன்னாடி நல்லா சோப்பு போட்டுக் கழுவினேன்."

"யாரு கழுவச் சொன்னது?"

யார் சொல்ல வேண்டும்? கழுவாத வண்டியை நான் ஷெட்டை விட்டு எடுத்ததே இல்லை. அந்த நுரைக் குமிழிகள் வில்லையில் ஒட்டிக்கொண்டு, கொடுத்த சத்தத்தை எல்லாம் அங்கேயே திருப்பி அனுப்பியிருக்கின்றன. மூக்கு முனையிலேயே சுவர் இருப்பதாக வண்டி நம்பிவிட்டது.

விரலால் அழுத்தித் துடைத்தாள். மச்சான், அப்புறம் போனது பாருங்கள் வண்டி! சர்ரென்று போய் எதிர்ச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் டக்கென்று நின்றது! பொறியாளர் நம்பாமல் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு படியில் இறங்கிக் குறுக்கே நின்றார். அவர் காலுக்கும் அதே ஒரு சாண் மரியாதை. "நாளைக்கே ஆபீஸுக்கு வந்து ஆர்டரை வாங்கிக்கோம்மா" என்றார். நான் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

ஆகவே கடை வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பு. மருமகளை வாய் நிறைய வாழ்த்துங்கள், பொம்மை என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கடை வேலையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்! பொறியாளர் இப்போதுதான் போன் செய்தார். வண்டி வீட்டில் இருக்கும் நாட்களில் அப்பா வீட்டில் இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனையாம். மகள் யோசிப்பதற்குள் உங்கள் தங்கை சரி என்றுவிட்டாள். திங்கட்கிழமை காலை நானே வருகிறேன். எனக்குக் கணக்கு வராது என்பது உங்களுக்கே தெரியும்.