மூன்றாவது ஆட்டமும் என் கொம்பும்

ஆடத் தெரியாதவனுக்குத்தான் ஆட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் அதிகம். யாரையும் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். என் வாழ்நாளில் கூடைப்பந்தை நான் தொட்டது மொத்தம் நான்கே தடவை. மூன்று தடவை அது சரிவில் உருண்டு, தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் ஓடியதால் எடுத்துக் கொடுக்கப் போனேன். நான்காவது தடவை அதுவாகவே வந்து என் மூக்கைத் தொட்டது. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, ஒரு தோட்டத்துக்கே கூடைப்பந்து என்றால் என்ன என்று நான் பாடம் எடுத்தேன்.

எங்கள் தோட்டம் ராகலைக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் ஏற்றத்தில் இருந்தது. நான் அங்கே தபால்காரன். காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு டவுனுக்கு இறங்குவேன். தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் கடிதங்களையும் பேப்பரையும் வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் ஏறி வந்துவிடுவேன். வயது இருபத்திரண்டு. மழையிலும் வெயிலிலும் கொழுந்து மலையில் நிற்க வேண்டாத உத்தியோகம் என்பதால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. (கொஞ்சமா என்று என் அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.)

நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு அரசாங்கங்கள் ஆற அமரப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே 'நம்ம நாட்டு டீம்' என்று கைதட்ட எங்களுக்கு ஒன்றும் கிடையாது. தோட்டத்து டீம் ஒன்று இருந்தது. உள்ள தேசபக்தி முழுவதையும் அதன் தலையிலேயே கொட்டினோம்.

அந்த டீமை உண்டாக்கியவர் கொழும்பிலிருந்து உதவி மேனேஜராகப் புதிதாக வந்த சின்ன தொரை. படிக்கும்போது கூடைப்பந்து ஆடியவராம். வரும்போதே ஒரு பந்தும் கொண்டு வந்தார். தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குக் கீழே, பழைய மாட்டுப்பட்டி இருந்த இடம் கொஞ்சம் மட்டமாக இருந்தது. என் அக்கா லெட்சுமியின் புருஷன் மாரிமுத்து மச்சானும் தேயிலைச் செடி நறுக்கும் இன்னும் சில கவ்வாத்துக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் இறங்கி, கல் பொறுக்கி, மேடு வெட்டி, சாணி நாற்றம் போக மண் கொட்டி, அதை ஒரு மைதானமாக்கினார்கள். பீப்பாய் வளையத்தைக் கம்பத்தில் அடித்ததும் கூடை வந்துவிட்டது. நான் கரையில் நின்று, கம்பம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மொத்தத் தோட்டத்திலும் மட்டமான நிலம் அது ஒன்றுதான். மற்ற இடத்தில் பந்தைத் தட்டினால் அடுத்த டிவிஷனில் போய்ப் பொறுக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடியது அங்கே, கல்யாணப் பந்தி போட்டது அங்கே, திருவிழாக் கூத்து ஆடியதும் அங்கேதான். இதைப் பார்த்த பெரிய தொரைக்கு, இவ்வளவு நல்ல மண்ணில் தேயிலை இல்லாமல் மனிதர்கள் இருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது. சின்ன தொரை கெஞ்சிக் கேட்டதில் கடைசியாக ஒரு வழிக்கு வந்தார். சுற்றுவட்டாரத்து ஆறு தோட்டங்களுக்குள் போட்டி நடக்கப்போகிற நேரம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"கப்பு கொண்டு வா, எடம் ஒனக்கு. கப்பு வரல்ல, நான் தேயில வைக்கும்."

எங்கள் டீம் ஒவ்வொரு தோட்டமாக அடித்துத் தள்ளிவிட்டு இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. ஒரே ஒரு ஆட்டம், ஜெயித்தால் மைதானம் எங்களுக்கு. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

சின்ன தொரைக்குத் தபாலில் அமெரிக்கப் பத்திரிகைகள் வரும். பங்களாவில் கொடுப்பதற்கு முன்னால், ஏற்றத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து நான் ஒரு புரட்டு புரட்டிவிடுவேன். இங்கிலீஷ் தெரியாது, படம் தெரியும். கூடைப்பந்தையே தொழிலாக வைத்துப் பிழைக்கிறவர்களின் ஆட்டப் படங்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரையை நின்றபடியே மேயக்கூடிய உயரம் ஒவ்வொருவனும். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் ரசிகர்கள், சிலர் வாயில் நீளக் குழல்களை வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சின்ன தொரையிடமே விளக்கம் கேட்டேன். அங்கே கடைசிச் சுற்றில் ஒரே டீமோடு திரும்பத் திரும்ப ஆடுவார்கள், அதிக ஆட்டம் ஜெயித்தவனுக்குத்தான் பட்டம் என்றார். போதாதா? அன்று சாயங்காலமே மச்சானிடம் போய் ஆரம்பித்தேன்.

"ஒரே ஆட்டத்துல முடிக்கிறது பட்டிக்காட்டுத்தனம் மச்சான். அமெரிக்காவுல திரும்பத் திரும்ப ஜெயிச்சுக் காட்டணும். அப்பத்தான் கெட்டிக்காரன்னு ஒத்துக்குவாங்க."

மச்சான் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்: "அவனுங்களுக்கு விடிஞ்சா பெரட்டு இல்லையாக்கும்?"

அவர் சொன்னதை நான் எதற்குக் கேட்கிறேன்? நேரே சின்ன தொரையிடம் போய், இறுதி ஆட்டத்தை மூன்றாக வைத்தால் எவ்வளவு கௌரவம் என்று எடுத்துச் சொன்னேன். பாவம், இந்தக் குளிரில் கூடைப்பந்து பேச அவருக்கும் வேறு ஆள் இல்லை. இரண்டு ஆட்டம் ஜெயித்தவனுக்குக் கப்பு என்று முடிவாயிற்று.

முதல் ஆட்டத்தில் எங்கள் டீம் பதினாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அதாவது என் யோசனை மட்டும் இல்லாவிட்டால் கப்பு அன்றைக்கே லயத்துக்கு வந்திருக்கும். மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அக்காதான் சொன்னாள்: "ஒன்னோட அமெரிக்காவுல தீய வைக்க."

இரண்டாவது ஆட்டம் அவர்கள் தோட்டத்தில். எங்கள் ஆட்கள் மலை ஏறி இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோதே பாதி உயிர் போய்விட்டது. மிச்சப் பாதியை அவர்கள் எடுத்தார்கள். ஆக, கப்பு, மைதானம் எல்லாம் மூன்றாவது ஆட்டத்தில் வந்து நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்தின் கரை முழுக்க ஜனம். கைக்குழந்தைக்காரிகள்கூட வீட்டில் இல்லை. பெரிய தொரை நாற்காலி போட்டு, காலடியில் நாயோடு உட்கார்ந்திருந்தார். நாற்றுமேடையில் தேயிலைக் கன்றுகள் தயாராகிவிட்டன என்று மலை மேற்பார்க்கும் கண்டாக்கையா அவரிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். நடுவர் சின்ன தொரை.

முதல் பாதியில் நான் வாயால் மட்டும் உதவி செய்தேன். "கைய ஒசத்துங்க மச்சான்" என்று நான் கத்தினால், "நீ வாய எறக்குடா" என்று அங்கிருந்து பதில் வரும். பாதி ஆட்டத்தில் நாங்கள் ஆறு புள்ளி பின்னால். டீமுக்கு உற்சாகம் பற்றவில்லை என்று எனக்குப் பட்டது. அமெரிக்க ரசிகர்களின் நீளக் குழல்கள் நினைவுக்கு வந்தன. ஆபீஸ் சாவி என்னிடம் இருந்தது. ஆபீஸ் ஆணியில் தோட்டத்துப் பித்தளைக் கொம்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஓடினேன்.

அந்தக் கொம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது காலையில் ஒரு முறை நீளமாக ஊதினால் பெரட்டுக்கு வர வேண்டும். இரண்டு முறை ஊதினால் கொழுந்து நிறுக்க வேண்டும். மூன்று முறை ஊதினால் வேலை முடிந்தது, மலையை விட்டு இறங்கலாம். தோட்டத்தில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் தபால்காரன். கொம்புக்கு எழுந்து கொம்புக்கு இறங்கும் பழக்கம் என் கால்களுக்கு இல்லை. மற்ற எல்லோருடைய கால்களுக்கும் இருந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஒரு புள்ளிக்கு ஒரு ஊது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பந்து கூடையில் விழுந்தால் இரண்டு. ஃபவுலுக்குக் கிடைக்கும் எறி விழுந்தால் ஒன்று. முதல் தடவை இரண்டு ஊதியதும் கரையில் இருந்த பெண்கள் பாதிப் பேர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பிறகு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"டேய், அத வச்சு வெளையாடாத. சத்தம் கேட்டா ஒடம்பு தானா எந்திரிக்குது."

"இது உற்சாகத்துக்குக்கா. ஒனக்கு வெளங்காது," என்றேன்.

உற்சாகம் வேலை செய்தது. (அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன். மச்சான் நன்றாக ஆடியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.) ஆறு புள்ளி நான்காகி, இரண்டாகி, கடைசி நிமிஷம் வந்தது. மச்சான் இரண்டு பேரை இடித்துக்கொண்டு மேலே எழும்பினார். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. அதே நேரத்தில் ஒருவன் அவர் கையில் அடிக்க, சின்ன தொரை விசில் அடித்தார். கூடை செல்லும், கூடவே ஒரு எறியும் உண்டு. புள்ளிகள் சமம். நான் ஊத வேண்டிய இரண்டு ஊதை ஊதவில்லை. எச்சில் வறண்டு உதடு கொம்பில் பதியவில்லை. அந்த எறி விழட்டும், சேர்த்து ஊதிவிடலாம் என்று வைத்துக்கொண்டேன்.

மச்சான் பந்தை மண்ணில் இரண்டு தட்டுத் தட்டினார், எறிந்தார், விழுந்தது. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். இன்னும் அரை நிமிஷம்கூட இல்லை.

நான் மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து ஊதினேன். இரண்டும் ஒன்றும் மூன்று. ஒன்றைவிட ஒன்று நீளமாக, அத்தனை சுத்தமாக அந்தக் கொம்பை அதற்கு முன்னால் யாரும் ஊதியதில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

எங்கள் ஐந்து பேரும் கையைத் தொங்கப் போட்டார்கள். ஒருவன் முதுகை நிமிர்த்தி நெட்டி முறித்தான். மச்சான் திரும்பி நடந்துபோய், கரையில் கிடந்த கம்பளியை எடுத்து உதறித் தலையில் போட்டார். கரையில் இருந்த ஜனம் அப்படியே எழுந்து, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, லயத்துப் பாதையில் இறங்கத் தொடங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயிக்கிற நேரத்தில் எங்கே போகிறார்கள் என்று கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எதிர்த் தோட்டத்தில் கொம்பு கிடையாது. அங்கே வேலைக்கும் வீட்டுக்கும் தண்டவாளத் துண்டைத்தான் தட்டுவார்கள். ஆகவே அவர்களுக்கு நான் ஊதியது வெறும் சத்தம். ஐந்து பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அதில் ஒரு குள்ளனுக்கு மட்டும் புத்தி வந்தது. பந்தை வாங்கித் தட்டிக்கொண்டு, யாருமே இல்லாத மைதானத்தில் தனியாக ஓடினான். எறிந்தான், விழவில்லை. அவனே பொறுக்கினான், மறுபடி எறிந்தான், விழவில்லை. தடுக்க ஒரு ஆள் வேண்டுமே. மூன்றாவது தடவை விழுந்தது. சின்ன தொரை கடிகாரத்தைப் பார்த்துக் கடைசி விசிலை அடித்தார்.

மச்சான் கம்பளியோடு திரும்பிப் பார்த்தார்.

"யாருடா ஊதுனது?"

கேட்க வேண்டிய அவசியம் இல்லை. தோட்டத்திலேயே கொம்போடு நின்றவன் நான் ஒருத்தன்தான்.

நான் சின்ன தொரையிடம் ஓடி, இது செல்லாது, ஆட்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று வாதாடினேன். அவருக்கே அழுகை வரும் போலிருந்தது. "கொம்பும் ஒங்களது, ஊதுன ஆளும் ஒங்க ஆளு. நான் யாருக்கு ஃபவுல் குடுக்க?" என்றார். அன்று முகம் மலர்ந்திருந்தவர் பெரிய தொரை ஒருவர்தான். கப்பை அந்தக் குள்ளன் கையில் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"நம்ம ஆளு கொம்பு கேட்டா ஒடனே எறங்குது. பெரிய சந்தோஷம். காலையில இந்த மாதிரி வாறது இல்ல."

அடுத்த வாரமே மைதானத்தில் தேயிலைக் குழிக்கு அளந்து கயிறு பிடித்தார்கள். குழி வெட்டும் வேலைக்குப் பேர் போட்டதும் அதே ஐந்து பேருக்குத்தான். தபால் பையோடு நான் அந்த வழியாக வந்தபோது மச்சான் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். குழி குத்தும் இரும்பு அலவாங்கை நீட்டி, "நீயும் ஒண்ணு வெட்டு" என்றார். அவர்கள் ஒன்றாக நின்று பொறுக்கிய கற்கள் கரையில் அப்படியே குவிந்து கிடந்தன. இரண்டு குத்துக் குத்துவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தெரியவில்லை. அவர் குழியை எட்டிப் பார்த்தார். "ஆழம் பத்தல" என்று மட்டும் சொன்னார்.

ஆபீஸ் புத்தகத்தில் அந்த இடத்துக்கு ஒரு நம்பர் உண்டு. அது ஒருவருக்கும் ஞாபகமில்லை. தேயிலை ஏறிவிட்டால் மட்டமான இடமும் எங்களுக்கு மலைதான், எல்லோர் வாயிலும் அது 'கொம்பூதி மலை'. பெரிய தொரை கப்பலேறிப் போனார், வேறு தொரைமார் வந்தார்கள். அவர்களும் அப்படியே சொல்லப் பழகினார்கள்.

நான்கு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். பெண் மஸ்கெலியா. கொம்புக் கதையைப் பெண் வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அக்காவின் காலில் விழாத குறையாகக் கேட்டு வைத்திருந்தேன். அவளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. என் மனைவியின் முதல் நாள் வேலைக்கே கங்காணி அவளைக் கொம்பூதி மலையில் கொழுந்துக்கு நிறை பிடிக்க விட்டார். அன்று சாயங்காலம் கொம்பு மூன்று முறை ஊதியது. மற்ற மலைகளில் இருந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தேத்தண்ணிக்காக நான் வாசலிலேயே காத்திருந்தேன். இருட்டப் போகிற நேரத்தில்தான் வந்தாள், முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று புது மாப்பிள்ளை முறுக்கோடு கேட்டேன்.

கூடையை இறக்கி வைத்தாள்.

"அந்த மலையில மட்டும் மூணு ஊதுனா எறங்கக் கூடாதாமே. எதுக்கும் இருங்க, ஆட்டம் முடிஞ்சுச்சான்னு பாத்துட்டுப் போவோம்னு கூட நிறை பிடிச்சவங்க சொன்னாங்க. பாத்துட்டு வந்தேங்க."