நல்லசேதி தைத்த கோட்டு

உலக யுத்தத்தில் ஓர் ஆள்கூடச் சாகவில்லை. தருமபுரிக் கடைவீதியைக் கேட்டால் அப்படித்தான் சொல்லும். எங்களுக்கு யுத்தத்தை வாசித்துக் காட்டியவர் 'நல்லசேதி'.

தொழில் தையல். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்ததால் இங்கிலீஷ் பேப்பரும் வாசிப்பார். சேலத்திலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் இருமிக்கொண்டே வந்து பேப்பரைப் போட்டதும் மிஷினை நிறுத்திவிடுவார். கடை முன்னால் கூட்டம் கூடிவிடும்.

"கப்பலு முழுகிப்போச்சுங்க. ஆனா ஆளுங்க அத்தனை பேரும் நீந்திக் கரையேறிட்டாங்க."

"நடுச் சமுத்திரத்துல ஏதுங்க கரை?"

"பக்கத்துலயே ஒண்ணு இருந்திருக்குது."

காரிமங்கலம் சந்தைக்குப் போகிறவர்கள் நின்று மழையைப் பற்றிக் கேட்டால், பேப்பரை உற்றுப் பார்த்து, "வியாழக்கிழமை கொட்டப்போவுது" என்பார். அவர் பார்த்த பக்கத்தில் இருந்தது சோப்பு விளம்பரம்.

"ஏனுங்க இப்படிப் புளுகறீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "கெட்ட சேதி தானா வூடு தேடி வந்துரும் தம்பி. அதை நான் வேற சொமக்கணுமா?" என்றார்.

நான் அப்போது சேலத்தில் இண்டர்மீடியட் எழுதிவிட்டு வந்திருந்தேன். படித்ததைவிடக் காபி கிளப்பில் உட்கார்ந்தது அதிகம். அப்பா புளி மண்டி வைத்திருந்தார். "பரீட்சையில தப்புனா படிப்பு போதும், தராசைப் புடி" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கோ புளி வாசனை பட்டாலே தும்மல் வரும்.

ரிசல்ட் வந்த அன்று அப்பாவே கடைக்கு வந்து நின்றார். நல்லசேதியின் தோளுக்கு மேலாக நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு முந்தின நம்பர் இருந்தது, பிந்தினதும் இருந்தது. நடுவில் நான் இல்லை. கணக்கு காலை வாரிவிட்டது.

"என்ன டைலரே, பையன் நம்பர் இருக்குதா?"

நல்லசேதி என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"இருக்குதுங்க! பாஸு!"

அப்பா வீதி முழுக்க வெல்லம் கொடுத்தார். என் வாயில் போட்ட வெல்லம் வேப்பங்காயாகக் கசந்தது. கூட்டம் கலைந்ததும் நல்லசேதியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்படிப் பண்ணிட்டீங்களே!"

"நான் பேப்பரைத்தான் படிச்சேன். செப்டம்பர் மறுபரீட்சைக்கு வரவேண்டிய பேப்பரைக் கொஞ்சம் முன்னாடியே படிச்சுட்டேன், அவ்வளவுதான். போய்க் கணக்கைப் போடுங்க."

பி.ஏ.வில் எப்போது சேர்க்க வேண்டும் என்று அப்பா விசாரித்தார். மறுநாளே பேப்பரில் சேதி வந்துவிட்டது: "யுத்தத்துனால பி.ஏ. கிளாஸு இந்த வருசம் கெடையாதாமுங்க!" என் கணக்குப் பாடத்துக்காக அப்பா ஜெர்மனிக்காரனை மண்டியில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தார்.

செப்டம்பர் பரீட்சைக்குச் சேலம் போக வேண்டுமே? அதற்கும் நல்லசேதியே அப்பாவிடம் ஒரு வழி சொன்னார். "அடுத்த வருசம் காலேஜுன்னா கோட்டு வேணுமுங்க. துணி எடுக்கத் தம்பிய ஒரு வாரம் சேலத்துக்கு அனுப்புங்க."

"ஒரு கோட்டுத் துணி எடுக்க ஒரு வாரமா?"

"யுத்த காலமுங்க. வரிசையில நிக்கணும்."

பரீட்சை எழுதிவிட்டு வெறுங்கையோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். அப்பாவிடம் எதைக் காட்டுவது? நல்லசேதி என்னைக் கடைக்குள் இழுத்து ஒரு கோட்டை மாட்டிவிட்டார். தனக்கென்று வைத்திருந்த துணியில் அந்த வாரமே தைத்திருக்கிறார். வழக்கம்போல அதிலும் கொஞ்சம் தாராளம். கை விரல் நுனிவரை வந்தது.

"மறுபடியும் தப்பிட்டேன்னா?" என்றேன்.

"தெச்சாச்சு தம்பி. பிரிக்க வெச்சுடாதீங்க."

அந்த ரிசல்ட்டும் பேப்பரில் வந்தது. நல்லசேதி விரலை வைத்து ஒவ்வொரு நம்பராக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது. எழுந்து நின்று வாசித்தார். "தம்பி நம்பர் இருக்குது. பாஸு."

"பழைய சேதியை எதுக்குய்யா படிக்கிற?" என்றார் அப்பா. கடைவீதியே சிரித்தது.

நல்லசேதி மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரை யாராவது புளுகர் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.