கைண்ட்லி ஐயாவும் களிசான் போட்ட சொற்களும்

மன்னார்த் தீவில் ஆங்கில மொழிக்கு உரிய மரியாதையைக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் அரசாங்கக் கந்தோரின் தலைமை எழுதுவினைஞர் கைண்ட்லி ஐயாதான். இங்கிலாந்துக்காரர்கூட அதற்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எதைச் சொன்னாலும் ‘கைண்ட்லி’ என்று தொடங்குவார். தேநீர் வேண்டுமென்றாலும் கைண்ட்லி, மின்விசிறியை நிறுத்தச் சொன்னாலும் கைண்ட்லி. தும்மல் வந்தால் அதற்கும் ஒரு கைண்ட்லி சொல்லி அனுமதி கேட்பார் என்று நாங்கள் சிரிப்போம்.

ஆங்கிலத்தில் ஒரே பொருள் தரும் இரண்டு சொற்கள் கிடையாது என்பது அவருடைய கொள்கை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாற்காலிகள் வாங்க வேண்டும் என்பதற்கு ‘பை’ என்று எழுதிக் கொண்டுபோனேன். அவர் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“பிள்ளை, ‘பை’ எண்டது சாரத்தோடை நிக்கிறவர். மீன் சந்தைக்குப் போகலாம், பிழையில்லை. ‘பேர்ச்சேஸ்’ நீளக் களிசான் போட்டவர், அவர்தான் கந்தோருக்கு வரலாம். ‘புரொக்கியூர்’ கோட்டும் டையும். அவரைக் கொழும்புக்கு அனுப்பேக்கை மட்டும் எழுப்புவம்.”

என் மகள் டிலானிக்குக் காய்ச்சல் வந்தபோது ‘சிக்’ என்று எழுதி விடுமுறை கேட்டேன். ‘சிக்’ ஆட்டுக்கு வருவது, கந்தோர்ப் பிள்ளைக்கு ‘இன்டிஸ்போஸ்ட்’ என்று திருத்தினார். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கே பயம் பிடித்து, பிள்ளையை இரண்டாவது தடவையும் டாக்டரிடம் கொண்டு ஓடினேன்.

எங்கள் ஊர்க் கழுதைகளுக்குக் கந்தோரும் தெருவும் ஒன்றுதான். ஒரு நாள் ஒரு கழுதை விறாந்தையில் ஏறி, அறிவித்தல் பலகையின் கீழ் மூலையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. காவலாளி தடியோடு ஓடிவந்தார். ஐயா கையை உயர்த்தி அவரை மறித்தார். துரத்துவது, அதாவது ‘சேஸ்’, தெருவில் செய்கிற வேலை. அரசாங்க வளவுக்குள் ‘எஸ்கோர்ட்’தான் பண்ண வேண்டும் என்றார். காவலாளி தடியைக் கீழே போட்டுவிட்டு, மாப்பிள்ளையை அழைத்துப் போவதுபோலக் கழுதையின் பக்கத்தில் நடந்தார். கழுதை மத்தியானம் வரைக்கும் நின்று, மிச்சப் பலகையையும் பார்த்துவிட்டுத்தான் போனது.

ஆனாலும் எங்களுக்கு அவரால் பெருமைதான். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், இந்தக் கடிதங்களை எழுதுகிறவர் யார் என்று கேட்டு, ஐயாவின் மேசைக்கு முன்னால் தன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நின்றதை நான் கண்ணால் கண்டேன்.

ஐயா ஓய்வுபெற்றபோது கீரிக் கடற்கரையில் பிரியாவிடை வைத்தோம். ஐயா அங்கும் மினுக்கிய களிசான், சப்பாத்தோடுதான் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, மீனவர்கள் கடலுக்குப் போகாத நாள். எஞ்சின் கழற்றிய படகுகள் கரையில், ஆட்கள் மாதா கோயிலில் மத்தியானம் தாண்டியும் நீண்ட பூசையில். சோளகக் காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து கடலை நோக்கி அடித்தது. கடல் தட்டையாகக் கிடந்தது. நான் நறுவிலிக்குளத்து வயல்காரி. அலை அடித்தால்தான் கடல், அடிக்காவிட்டால் குளம் என்று நினைத்திருந்தேன். காற்றடித்த லொறிச் சக்கர ரியூப்பில் ஏறி மிதக்கட்டுமா என்று டிலானி கேட்டதும் தலையாட்டினேன்.

சோற்றுப் பார்சலைப் பிரித்துவிட்டு நிமிர்ந்தபோது ரியூப் சின்னதாகத் தெரிந்தது. காற்று அவளை ஆழக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போனது. கந்தோர் ஆண்கள் இருவர் கழுத்தளவு வரை போய், நிலம் கிடைக்காமல் திரும்பினார்கள். ஒருவர் மீனவர்களைக் கூட்டிவரக் கோயிலுக்கு ஓடினார். சைவக்காரியான நான் மடு மாதாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

கரையில் ஒரு வெள்ளைக்காரர் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, துடுப்புப் போட்டு ஓடும் நீளமான பிளாஸ்டிக் ஓடத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். ஐயா அவரிடம் விரைந்தார். நானும் பின்னால் ஓடினேன். ஐயா நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமித் தொடங்கினார்.

“குட் ஆஃப்டர்நூன், சேர். கைண்ட்லி பார்டன் தி இன்ட்ரூஷன். வீ ஷுட் பீ மோஸ்ட் ஒப்லைஜ்ட் இஃப் யூ குட் ரெண்டர்…”

அந்த வெள்ளைக்காரருக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை போலும். காதிலிருந்ததைக் கழற்றி, மரியாதையாகக் கேட்டு, மலர்ந்து சிரித்தார். எங்கள் பார்சலுக்கு அழைக்கிறோம் என்று விளங்கிக்கொண்டார். வயிற்றைத் தடவிக் காட்டி, சாப்பிட்டாயிற்று, நன்றி என்று சைகை செய்தார்.

ஐயா திரும்பிக் கடலைப் பார்த்தார்.

“ஹெல்ப்,” என்றார். பிறகு நான் ஒருநாளும் கேட்டிராத குரலில், “கேர்ள்! சீ! கோ!”

சொல்லிக்கொண்டே அந்த ஓடத்தின் மூக்கைப் பிடித்து, சப்பாத்தோடு தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனார். வெள்ளைக்காரர் பாய்ந்து ஏறித் துடுப்பைப் போட்டார். ஐயா இடுப்பளவு தண்ணீரிலேயே நின்றார். ஓடம் ரியூப்பை இழுத்துக்கொண்டு திரும்பி வரும்வரை அசையவில்லை.

டிலானி ரியூப்பை விடவே இல்லை. நீந்தி வரப் பார்த்திருந்தால் களைத்திருப்பாள் என்று பிறகு வந்த மீனவர்கள் சொன்னார்கள். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதபோது அவள்தான் என்னைத் தேற்றினாள்.

“அம்மா, நீங்கள் கத்தினது கேட்டுது. எனக்கு ஒரு பயம்தான். நீங்கள் குதிச்சிடுவியளோ எண்டு. உங்களுக்கு நீந்தத் தெரியாதே.”

என் பிள்ளை. கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு கரையில் நின்ற என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள்.

எல்லோருக்கும் மூச்சு வந்த பிறகு எங்கள் காசாளருக்குக் குறும்பும் வந்தது. “ஐயா, ‘ஹெல்ப்’ எண்டு சொல்லிப்போட்டியளே. ‘அசிஸ்ட்’ எங்கை போட்டுது?”

ஐயா மணலில் குந்தி, சப்பாத்துக்குள்ளிருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். “அது வெளிக்கிட நேரம் எடுக்கும், தம்பி. அது சப்பாத்துக் கட்டி வாறதுக்குள்ளை…” என்றவர் கைக்குட்டையைத் தேடினார். அது நனைந்திருந்தது.

மாதங்கள் கடந்தும் எனக்குப் பயம் போகவில்லை. மகள் கிணற்றடியில் குளிக்கும்போதும் பாட்டுப் பாடச் சொல்கிறேன், சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று. ஓய்வுபெற்ற ஐயா ஞாயிறுகளில் பூசை முடிந்து எங்கள் ஒழுங்கைப் பாதையில் வந்து, வாசற் படலையில் சைக்கிளை நிறுத்துகிறார். உள்ளே வரச் சொன்னால் மாட்டார். டிலானி வெளியே வந்து கதைக்கும்வரை நிற்பார். பிறகு, “சும்மா இதாலை போனனான், பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போவார்.

எங்கள் ஒழுங்கை எங்கள் படலையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் போக வழியே இல்லை.