தங்கள் யோசனைப்படி இலேசாக்கப்பட்ட கிளட்ச் லீவர் குறித்து

ஓபர்லாய்ன், பவேரியா
மே 6, செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய மைத்துனர் லூத்கர் அவர்களுக்கு,

கொர்பினியான் எழுதிக்கொண்டது. இங்கே தங்கள் அக்கா ரோஸ்விதா பரம சௌக்கியம். நான் சௌக்கியமா என்பதை, படித்து முடித்ததும் தாங்களே சொல்லுங்கள். மியூன்ஸ்டரில் தாங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள். யோசனை சொல்கிற ஆளுக்கு ஒரு கேடும் வந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

போன அக்டோபரிலிருந்தே என் மோட்டார்சைக்கிளின் கிளட்ச் லீவரை இழுப்பது பெரும்பாடாகிவிட்டது தங்களுக்குத் தெரியும். இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் இடது கட்டைவிரலின் அடிமூட்டு தீயாய் எரியும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டு தேய்ந்துவிட்டது, அறுபத்தெட்டு வயதில் இதெல்லாம் சகஜம் என்றார். அந்த மனுஷன் சைக்கிள்கூட ஓட்டியதில்லை, அவருக்கு என்ன தெரியும்? கோளாறு என் கையில் இல்லை, கிளட்சில்தான் என்று வீட்டில் வந்து சொன்னேன். ரோஸ்விதா ஒரே போடாகப் போட்டாள். "ஏங்க, மே மாசம் ஃபாதர் வண்டிகளுக்கு ஆசீர்வாதம் பண்றார்ல? அன்னிக்கு அதை ஒழுங்கா ஓட்டிக் காட்டுங்க. முடியலேன்னா வித்துடணும். பாதிக் கையோட நீங்க ரோட்டுல போறதை ஜன்னல்ல நின்னு பார்த்துட்டு என்னால இருக்க முடியாது." இருபத்தேழு வருஷ வண்டி, மச்சான். அது போய்விட்டால் நான் வெறும் ஓய்வுபெற்ற லிஃப்ட் பரிசோதகன். எனக்குப் பயம் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்தப் பயத்தில்தான் தங்களுக்குப் போன் செய்தேன்.

தாங்கள் பிறந்ததிலிருந்து ஒரு மோட்டார்சைக்கிளும் வைத்திருந்ததில்லை. இணையத்தில் வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதைப் படிப்பதோடு சரி. ஆனாலும் பேச்சு என்ன பேச்சு! "அத்தான், இது ஹைட்ராலிக் சமாசாரம். நீங்க லீவரை இழுத்தா மேல் பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுது, எண்ணெய் கீழ் பிஸ்டனைத் தள்ளுது, அவ்வளவுதான். கீழே ஒரு சைஸ் பெரிய சிலிண்டரா மாட்டுங்க, லீவர் வெண்ணெய் மாதிரி ஆயிடும்!" மாட்டினேன். இளகியது, அதை மறைக்கவில்லை. அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் இளகினால் தேவலை என்று இழுத்தேன். "அப்போ மேலே ஹேண்டில்பார்ல இருக்கிறதை ஒரு சைஸ் சின்னதாப் போடுங்க அத்தான், ரெண்டும் சேர்ந்தா ஒத்தை விரல் போதும்!" அதையும் வாங்கி மாட்டினேன். எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஒருவர் லீவரை அமுக்க, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். தங்கள் அக்கா முக்கால் மணிநேரம் அமுக்கினாள். "நான் என்ன, மாடா கறக்கறேன்?" என்று கேட்டுக்கொண்டே அமுக்கினாள். கடைசியில் லீவர் சுண்டுவிரலுக்கு வந்தது. நான் கராஜில் ஆடாத குறை.

லீவர் இலேசாக ஆக ஆக, கீழே பிஸ்டன் நகரும் தூரம் குறையும், ரொம்பக் குறைந்தால் கிளட்ச் முழுசாகப் பிரியாது, லீவரைப் பிடித்திருந்தாலும் இஞ்சின் சக்கரத்தை விடாது என்பதைத் தாங்கள் சொல்லவே இல்லை. ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். வரியை மிச்சம்பிடிக்க நான் எடுத்த நம்பர் பலகை மே முதல் அக்டோபர் வரைதான் செல்லும், ஏப்ரலில் தெருவில் இறக்கினால் போலீஸ் பிடிக்கும். மே ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று நாளும் கொட்டோ கொட்டென்று மழை. ஆகவே நான் கராஜில் இஞ்சினை அணைத்துவிட்டு, லீவரை மட்டும் இழுத்து இழுத்து ரசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாசம் முழுக்க, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, முட்டாளாக இருந்திருக்கிறேன்.

நான்காம் தேதி ஞாயிறு. தேவாலய வாசலில் நூற்றிருபது வண்டிகள், பேண்டு வாத்தியம், சாசேஜ் வாசனை. வயதில் மூத்தவர் முதலில் போக வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம், அது இந்த வருஷம் நான். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியரில், கிளட்சைப் பிடித்தபடி, வலது கையால் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு வைத்து ஃபாதர் எம்மராம் முன்னால் நிற்க வேண்டும். நான் குள்ளம், வண்டி கனம், இரண்டு காலும் தரையில். அப்படியானால் பிரேக் பிடிக்க மிச்சம் என்ன இருக்கிறது, மச்சான்? லீவரைச் சுண்டுவிரலால் இழுத்து, கியரைப் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, ரோஸ்விதாவைப் பெருமையாகப் பார்த்தேன், வண்டி நகர்ந்தது. வேகமாக இல்லை, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. ஃபாதர் தண்ணீர் தெளித்தார், ஓர் அடி பின்வாங்கினார், மறுபடி தெளித்தார், மறுபடி பின்வாங்கினார். நான் பக்தியோடு துரத்திக்கொண்டே போனேன். இது ஏதோ புதுச் சடங்கு என்று நினைத்துப் பேண்டுக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். "நிறுத்துய்யா!" என்றார் ஃபாதர். "கிளட்ச் பிடிச்சிருக்கேன் ஃபாதர்!" என்று கத்தினேன், அது சத்தியம். முன்சக்கரம் தீர்த்த வாளிக்குள் ஏறி, இஞ்சின் செத்து, வண்டி நின்றது. "போதும் கொர்பினியான்," என்றார் மூச்சு வாங்க, "ஆசீர்வாதம் கேட்டு வந்தே, வண்டிக்கு ஞானஸ்நானமே ஆயிடுச்சு." நூற்றிருபது பேரும் சிரித்தார்கள். ரோஸ்விதா மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் இடது கையைத்தான் பார்த்தாள்.

ஆகவே தோற்றேன். வண்டியைத் தாங்களே வந்து எடுத்துச் செல்லுங்கள். பல வருஷமாகத் தங்களுக்கு அதன்மேல் ஒரு கண் என்று எனக்குத் தெரியாதா? இனி தங்கள் யோசனை எதையும் நான் காதில் வாங்குவதாக இல்லை. தங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் என் அன்பு, பெரிய மகளுக்கு ஆசி, தங்கள் வீட்டுக் கணினிக்கு என் கண்டனம்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்,
கொர்பினியான் சிர்ங்கிபில்

பின்குறிப்பு (மே 9, வெள்ளி; கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை): தாங்கள் கிளம்ப வேண்டாம். வண்டியைத் தங்களிடம் கொடுக்குமுன் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்த பட்டறைக்காரப் பெண் வந்து மேலே பழைய சிலிண்டரையே மாட்டி, கீழே பெரியதை அப்படியே விட்டுவிட்டாள். இப்போது கிளட்ச் சுத்தமாகப் பிரிகிறது, லீவரும் இலேசு. தாங்கள் முதலில் சொன்ன யோசனை சரிதான் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் தங்களுக்கு அனுப்ப வண்டியைப் படமெடுக்கப் போன ரோஸ்விதா ஏறி உட்கார்ந்து, இஞ்சினைப் போட்டு, லீவரை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, "அட, இவ்வளவுதானா?" என்றாள். இன்று காலை ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "பின் சீட்டுல கட்டைவிரலுக்கு வேலையே இல்லைங்க, என் இடுப்பைப் பிடிச்சுட்டு உக்காந்தாப் போதும்" என்கிறாள். அந்தப் பின் சீட்டு கல்லு மாதிரி இருக்கிறது, மச்சான். அதை மெத்தென்று ஆக்க ஏதாவது யோசனை இருந்தால் உடனே போன் செய்யவும்.